சங்கு தேய்ந்த காசு

காலணாவைவிடச் சற்றே சிறிய செப்புக்காசு அது. ஒரு பக்கம் கிரீடத்தின் கீழே பின்னங்காலில் நிற்கும் சிங்கம். மறுபக்கம் பெரிதாக ஒரு நாமம், அதன் இடப்பக்கம் சக்கரம், வலப்பக்கம் சங்கு. எங்கள் வீட்டுக்கார மாமி அதை வெள்ளிக் கிண்ணத்தில் துளசி இட்டுப் பெருமாளோடு வைத்திருந்தாள். நரசிம்மர் காசு என்பாள். நாகப்பட்டினத்தில் அவள் பிறந்த வீட்டுக் கிணற்றைத் தூர் வாரியபோது கிடைத்ததாம். கல்யாணத்தில் அவளோடு கூடவே வந்துவிட்டது.

ஐம்பதுகளின் கடைசியில் ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் அவள் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். திருச்சியில் ஒரு கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கும் வேலை. வந்து ஒரு வருஷமாகியும் பேச ஒரு ஈ காக்கை கிடையாது. மாமிக்கு மாமாவும் இல்லை, குழந்தைகளும் இல்லை. விடிந்ததும் சுவருக்கு அப்பால் அவள் அந்தக் காசோடு பேசுவது கேட்கும். பால்காரன் தண்ணீர் கலப்பது, முழங்கால் வலி எல்லாவற்றையும் நரசிம்மரிடம் சொல்லியாக வேண்டும். அந்தக் குரல் கேட்டுத்தான் நானும் எழுந்திருப்பேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் அங்கே இருந்த ஒரே துணை அதுதான்.

வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் தேய்த்தால் எந்தச் செம்புதான் தாங்கும்? ஒருநாள் காசோடு வந்து நின்றாள். "சங்கு தேஞ்சுடுத்தோன்னு பயமா இருக்கு. உங்ககிட்ட பூதக்கண்ணாடி இருக்கே, செத்த பாருங்கோ" என்றாள்.

பார்த்தேன். அது நாமமே இல்லை, ஆங்கில 'வி' எழுத்து. அதன் ஒரு கால்மேல் 'ஓ', மறு கால்மேல் 'சி'. கீழே மங்கலாக ஒரு வருஷம். நாகையில் கோட்டை கட்டி வியாபாரம் செய்த டச்சுக் கம்பெனியின் முத்திரை. புத்தகத்தில் மட்டுமே படித்திருந்ததைக் கையில் பிடித்த குஷியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்பெனி, கப்பல், சிங்கம் அவர்கள் ஊர்ச் சின்னம் என்று மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தேன். என் கெட்டிக்காரத்தனத்தில் கொள்ளி வைக்க.

மாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாக, "அப்போ இத்தனை வருஷமா நான் யாரோட பேசிண்டிருந்தேன்?" என்றாள்.

காசை என் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் சுவருக்கு அப்பால் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த நாளும் அப்படித்தான். நாலாம் நாள் பொறுக்கமாட்டாமல் போய்க் கதவைத் தட்டினேன். வெளிச்சம் போதாமல் தப்பாகப் பார்த்துவிட்டேன், மறுபடி பார்த்தேன், சங்கேதான் என்று சொல்லிக் காசை நீட்டினேன்.

"பொய் சொல்லக்கூட உங்களுக்கு வரலை" என்று மாமி சிரித்தாள். காசை வாங்கிக்கொள்ளவில்லை.

இப்போது எனக்கு மாமியின் வயது. வீட்டில் நான் ஒருவன்தான். தேயவில்லை மாமி, அப்படியே இருக்கிறது என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குடி முழுகிப்போயிருக்கும்?