புது லேபுக்கு வந்த யானைக் கதை

ஸ்பிரிட் வாசனை... அதோடு, காற்றை வடிகட்டி ஊதும் பெட்டிகளின் விடாத இரைச்சல். குருபரப்பள்ளியில் இருந்த எங்கள் பழைய லேபை நினைத்தால் இவைதான் முதலில் வருகின்றன.

பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அங்கே சேர்ந்தேன். ரோஜா ஆராய்ச்சி நடக்கும் லேப். சின்னச் சின்னத் தளிர்களை வெட்டி, பாட்டிலுக்குள் நட்டு வளர்ப்பது எங்கள் வேலை. தலைக்குத் தொப்பி, முகத்துக்கு மாஸ்க். ஆளுக்கொரு பெட்டி முன்னால், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். மஞ்சுளாக்காவுக்கும் எனக்கும் முதுகோடு முதுகு.

வீட்டுக்கு யாராவது வந்தாலே உள்ளே ஓடி ஒளிகிற நான், அங்கே மட்டும் வாயாடி. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லையே!

தேன்கனிக்கோட்டைப் பக்கம் மாமாவின் ராகிக் காட்டுக்கு வந்த யானையின் கதையை நாள்கணக்கில் இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"வாய் ஓடட்டும்... கை நிக்கக் கூடாது புள்ள," என்பார் சூப்பர்வைசர் அண்ணன்.

கதை முடிவதற்குள் லேப் ஓசூருக்கு மாறியது. புதுக் கட்டடம். நாலைந்து லேப்கள் ஒன்றாகச் சேர்ந்து ஆராய்ச்சி செய்வதற்காகக் கட்டியது. ரோஜா பாட்டில்களை மடியில் வைத்துக்கொண்டு வேனில் போனோம்.

உள்ளே நுழைந்தால், எங்கு பார்த்தாலும் கண்ணாடிச் சுவர். பெட்டிகளும் எதிரெதிரே... என் எதிரில் வேறொரு லேபைச் சேர்ந்த கன்னட மேடம். பிஎச்.டி. படிக்கிறவர்.

ஒரு வாரம் நான் வாயே திறக்கவில்லை. பேச்சில்லாமல் பொழுதும் நகரவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

மஞ்சுளாக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏ புள்ள, அந்த யானைய எத்தன நாளைக்குத்தான் வரப்புலயே நிக்க வெப்ப? ராகிய தின்னுச்சா, இல்லியா?" என்று கத்தினார்.

எல்லாத் தலைகளும் திரும்பின. குனிந்துகொண்டே முணுமுணுத்தேன்...

"தின்னல... கொடியில காஞ்ச மாமா வேட்டிய உருவிக்கிச்சி."

எதிரே தளிர் வெட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "ஸ்வல்ப ஜோரா சொல்லம்மா, கேக்கல," என்றார் மேடம். "வேட்டிய எதுக்கு எடுத்துச்சு?"

நிமிர்ந்து, கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

இப்போது பக்கத்து லேப் ஆட்களும் கதை கேட்கிறார்கள். இன்னும் கூச்சம் போகவில்லை. சில நாள் அந்தப் பழைய ரூமின் மறைவுக்கு மனசு ஏங்கும்...

ஆனால் அங்கே, சிரிப்பு வெறும் சத்தமாகத்தான் எனக்குக் கேட்டது. இங்கே, மாஸ்க்குக்கு மேலே கண்கள் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டே அடுத்த வரியைச் சொல்கிறேன்.