துண்டுக்கு மேலே ஒரு முகம்

என் வீட்டு முன்னறைச் சுவரில் நான்கு ஆணிகள் இருக்கின்றன. ஒன்றில் நாட்காட்டி, ஒன்றில் குடை, ஒன்றில் என் சட்டை. நான்காவதில் சிவப்புக் கரை போட்ட ஒரு பழைய துண்டு தொங்குகிறது. என் மனைவியின் தம்பி விட்டுப்போனது. ஞாயிறுதோறும் தொலைக்காட்சியில் பெரிய மனிதர்களைப் பேட்டி காண்கிறானே, அவன் தோளில் புதிதாகக் கிடக்கும் துண்டுக்கு இதுதான் மூத்தது. துவைக்கக் கூடாது என்பது என் மனைவியின் உத்தரவு. மாட்டு வாசனை அடிக்கிறது என்றால், “உங்களுக்கு மூக்கு ஜாஸ்தி” என்கிறாள்.

மாட்டு வாசனை அடிப்பதற்குக் காரணம் உண்டு. என் மாமனார் களமருதூரில் மாட்டுத் தரகர். சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. தரகர் துண்டைக் கைமேல் போட்டு, அதற்கடியில் விற்பவரின் கையைப் பிடிப்பார். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, முழுக் கையையும் பிடித்தால் ஐந்து. ஆயிரக் கணக்கா, பத்தாயிரக் கணக்கா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரியும். பிறகு அதே துண்டோடு வாங்குபவரிடம் போவார். சுற்றி எத்தனை பேர் நின்றாலும் ஒருவருக்கும் விலை தெரியாது. துண்டுக்கடியில் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்பது அந்தத் தொழிலின் சத்தியம்.

மச்சினனுக்கு வாய் இருந்தது, மாட்டின் பல்லைப் பார்த்து வயது சொல்லும் கண் இருந்தது, சத்தியமும் இருந்தது. முகம்தான் சரியில்லை. கைக்குத் தெரிந்தது அடுத்த நொடி முகத்துக்கு வந்துவிடும். ஒருமுறை கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெரியவர் ஒரு ஜோடிக் காளைகளை இறக்கிக்கொண்டு வந்தார். துண்டுக்கடியில் அவர் சொன்ன விலை கம்மி. உடனே இவன் முகம் மலர்ந்துவிட்டது. எதிரே நின்ற வியாபாரி அந்த மலர்ச்சியைப் பார்த்து, அதைவிடவும் கம்மியாகக் கேட்டான். மலைக்காரர் காளைகளைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: “இன்னா தரகரே, வெலய மூஞ்சில எழுதி ஒட்டிக்கினு, துண்ட கை மேல போட்டுக்கினு கீறீங்க? அத எடுத்து மூஞ்சி மேல போடுங்க.”

சந்தையே சிரித்தது. மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் மச்சினன் ஒரு பையும் அந்தத் துண்டுமாகக் கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு வாசலில் நின்றான். “பத்து நாளுதான் மாமா” என்றான். முன்னறையைக் கொடுத்தேன். மூன்று வருடம் இருந்தான்.

நான் நில அளவையில் உத்தியோகம் பார்த்தவன். எதையும் எண்ணாமல் இருக்க எனக்கு வராது. வேளைக்கு ஆறு தோசை, குளிக்க இரண்டு வாளி வெந்நீர், ஆள் இல்லாத அறையில் சுழலும் மின்விசிறி. எல்லாம் மனத்தில் ஏறும், தூக்கம் போகும். இதற்கிடையில் உள்ளூர் கேபிள் சேனல் ஒன்றில் ஊர்ப் பிரமுகர்களைப் பேட்டி எடுக்கும் வேலை அவனுக்குக் கிடைத்தது. முதல் நிகழ்ச்சியைக் கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் விருந்தாளியாக வந்த டாக்டர் பேசியது நான்கு நிமிடம். மிச்சமெல்லாம் இவன். சொன்னால், “அவரு பேசினா ஜனங்க தூங்கிடும் மாமா” என்றான்.

அந்த வாயைக் கேட்டுத்தான் சென்னையில் ஒரு பெரிய சேனல் அவனைக் கூப்பிட்டது. ஒரே ஒரு நிகழ்ச்சி, வெள்ளோட்டம். நன்றாக வந்தால் வேலை. இல்லையென்றால் ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். திருநாவலூரில் அவனுக்குப் பேசியிருந்த பெண்ணின் வீட்டார் வேறு, “நெலையான வேல ஒண்ணு அமையட்டுங்க, அப்புறம் தட்டு மாத்திக்கலாம்” என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். தோற்றால் அவனுக்கு வேலையும் இல்லை, பெண்ணும் இல்லை. எனக்கு முன்னறை இல்லை. எங்கள் இருவரில் அதிகம் வேண்டிக்கொண்டது யார் என்று இன்றும் எனக்குச் சந்தேகம் உண்டு.

துணைக்கு என்னை அனுப்பினாள் மனைவி. உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறி, சென்னை போய்ச் சேர்ந்தோம். படப்பிடிப்பு அரங்கில் மார்கழிக் குளிர். கிராமத்துக் களை வேண்டுமென்று அவனுக்கு வேட்டி கட்டி, அவனுடைய துண்டையே தோளில் போட்டிருந்தார்கள். எதிரே ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த நடிகை. இவன் எதைக் கேட்டாலும் அந்த அம்மாள், “எல்லாம் கடவுள் செயல்” என்றார். ஒன்பது முறை எண்ணினேன். வேறு பதில் வரவில்லை. இவன் காதில் மாட்டிய கருவியில் இயக்குநர் திட்டியது எங்களுக்குக் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு திட்டும் அவன் முகத்தில் வந்து போனது. பார்வையாளர்கள் கொட்டாவி விட்டார்கள்.

வாய்ப் பேச்சு தீர்ந்துபோன அந்த நேரத்தில், அவன் தன்னையறியாமல் சந்தைக்குப் போய்விட்டான். துண்டை எடுத்து முன்கைமேல் போட்டுக் கையை நீட்டினான்.

“யம்மா, வாயால சொல்ல வேணாங்க. எங்க பக்கம் வெரலப் புடிச்சித்தான் சொல்வாங்க. மொதல்ல புடிக்கிறது பத்து, அப்புறம் புடிக்கிறது ஒண்ணு. உங்க வயசு இன்னாங்க?”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மின்விசிறி சுழலும் முன்னறை கண்ணுக்குள் தெரிந்தது. கண்ணைத் திறந்தபோது அந்த அம்மாளின் கை துண்டுக்கடியில் இருந்தது. மச்சினனின் புருவங்கள் மெல்ல ஏறின. வாய் திறந்தது. அம்மாளைப் பார்த்தான், துண்டைப் பார்த்தான், மறுபடி அம்மாளைப் பார்த்தான்.

“அடப்பாவி, இப்படி மூஞ்சிய வச்சா நான் ரகசியமா சொல்லி என்ன பிரயோஜனம்?” என்று அவர் வெடித்துச் சிரித்தார். அரங்கம் அதிர்ந்தது. பிறகு கையை எடுக்காமலே இருபத்திரண்டு நிமிடம் பேசினார். முதல் படத்தில் செருப்பு அறுந்ததிலிருந்து கடைசித் தங்கையோடு போட்ட சண்டை வரை. கடவுள் ஓரிடத்திலும் வரவில்லை. மச்சினனும் வாயைத் திறக்கவில்லை. முகம் மட்டும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் அந்த வயதைக் கேட்டேன். “துண்டுக்கடியில சொன்னது மாமா, சொல்லக் கூடாது” என்றான். நான் அறுபத்தைந்திலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். எழுபத்து நாலில் அவன் புருவம் ஏறியது. கடைசிவரை அவன் சொல்லவேயில்லை.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். வேலை நிலைத்தது, திருநாவலூரில் தட்டு மாறியது. விளையாட்டு வீரர்களும் அரசியல்வாதிகளும் வரிசையில் நின்று துண்டுக்கடியில் கை நீட்டினார்கள். எத்தனை முறை ஓடிப்போக நினைத்தீர்கள், எத்தனை பேரிடம் பேச்சு நின்றுவிட்டது என்று அவன் கேட்பான். பதில் வெளியே வராது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏழா எட்டா என்று திங்கட்கிழமை டீக்கடையில் சண்டை நடக்கும்.

எனக்கு முன்னறை திரும்பக் கிடைத்தது. அவன் நிகழ்ச்சி பத்து வாரம்கூட ஓடாது என்று ஆரம்பத்தில் நான் வீட்டில் சொல்லியிருந்தேன். ஆகவே கூடத்தில் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. ஞாயிறுகளில் செய்தித்தாளோடு முன்னறையில் உட்காருவேன். கதவு திறந்திருந்தால், கூடத்துத் தொலைக்காட்சி பீரோக் கண்ணாடியில் முழுசாகத் தெரியும். துண்டு மட்டும் வேறு தோளில் இருக்கும். “அந்தக் கூத்த யாரு பாக்கிறது?” என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிவந்தேன்.

போன பொங்கலுக்கு வந்திருந்தான். தெருவே வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டது. எல்லோரும் போனபின் முன்னறைக்கு வந்து, ஆணியிலிருந்த பழைய துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டான்.

“மாமா, கையக் குடுங்க. எத்தினி ஷோ பாத்தீங்க?”

“எனக்கு வேற வேலை இல்லையா?” என்றேன்.

“வாயால கேக்கலீங்க.”

அவன் கையில் அப்போதும் சந்தைக்காரனின் சொரசொரப்பு இருந்தது. ஒரு விரலைப் பிடித்தேன், நூறு. இன்னொரு முறை ஒரு விரல், பத்து. பிறகு இரண்டு விரல். மொத்தம் நடந்தது நூற்றுப் பதின்மூன்று. ஒரு ஞாயிறு மின்சாரம் இல்லை.

வாயைப் பொறுத்தவரை அவன் சத்தியம் தவறாதவன். ஆனால் மூக்கு சிவந்தது, உதடு கோணியது, புருவம் நெற்றியில் போய் ஒட்டிக்கொண்டது. காபியோடு வந்து நிலையில் நின்ற என் மனைவி அந்த முகத்தைப் பார்த்தாள்.

“அடேங்கப்பா! எல்லாத்தயுமா?” என்றாள். இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு, “ஒண்ணு வுட்டுப்போச்சு போலகீதே” என்றாள்.

துண்டை அதே ஆணியில் மாட்டிவிட்டுப் போனான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கூடத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறாள். இன்னும் எனக்குப் பழகவில்லை. திரையில் அவன் துண்டு சரியான தோளில் கிடக்கிறது.