துரை வந்தபோது எழுந்தவர்கள்

எங்கள் மாமா ஒரே ஒரு சாயங்காலம் வெள்ளைக்காரத் துரையாக இருந்தார். நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கின் சமுதாயக் கூடத்தில், சுதந்திர தின நாடகத்தில். அப்போது நான் மூன்றாம் வகுப்பு.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஊர். சுரங்கத்தில் அப்பாவின் செக்‌ஷனிலேயே காண்டிராக்ட் வேலை. கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்துகிற மண்ணையும் கரியையும் வாரி மறுபடி பெல்ட்டிலேயே போடுவார். தங்கியிருந்தது எங்கள் குவார்ட்டர்ஸில். அவருக்குப் பெண் பார்த்து முடிவாகியும் முடிவாகாமலும் கிடந்தது. பெண்ணின் அப்பா, "பர்மனென்ட் ஆவட்டுங்க, பாக்கலாம்" என்று ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டார். அதனால் எங்கள் வீட்டில் யார் எதைப் பேச ஆரம்பித்தாலும் பேச்சு பர்மனென்ட்டில்தான் போய் முடியும். அப்பா பர்மனென்ட். அப்பாவுடைய செக்‌ஷன் ஆபீசர் மனது வைத்தால் மாமாவுக்கும் கிடைக்கும் என்று அப்பா நம்பினார். அம்மா போகிற கோயிலில் எல்லாம் வேண்டிக்கொண்டாள். மாமா மட்டும் அந்த ஆபீசரைப் போல நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

அந்த ஆபீசர் ரவுண்ட்ஸ் வரும்போது தூரத்திலேயே இரண்டு தடவை செருமுவார். பிறகு கையிலிருக்கும் சாவிக்கொத்தைக் குலுக்குவார். அந்தச் சத்தம் கேட்டால் ஷெட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள்கூட டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்து நிற்பார்கள். அப்படி நிற்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. எப்போதோ யாரோ ஒருவர் எழுந்திருக்கிறார், அதற்குப் பிறகு யாருக்கும் உட்கார்ந்திருக்கத் தைரியம் வரவில்லை. மாமா செருமிக் காட்டினால் எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். அப்பாவின் கண் வாசல் கதவுக்குப் போகும்.

நாடகத்தை எழுதியவர் எதிர் குவார்ட்டர்ஸ் தமிழாசிரியர். தலைவர்கள் யாரும் அதில் வரமாட்டார்கள். சாதாரண ஊர் ஒன்று எப்படி மாறியது என்பதுதான் கதை. முதல் காட்சியில் துரை வந்தால் ஊரே எழுந்து, தோளில் கிடக்கும் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொருவராக மாறுவார்கள். துரைக்குச் சவரம் செய்பவர் ஒருநாள் வரமாட்டேன் என்பார். சீமைத்துணியைத் தைக்க மாட்டேன் என்று தையல்காரர் திருப்பிக் கொடுப்பார். கிராம முன்சீப் யோசித்து யோசித்து வேலையை விடுவார். துரை வீட்டுச் சமையல்காரர் எரிகிற அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கிளம்பிவிடுவார். கடைசிக் காட்சியில் துரை வரும்போது ஊர் உட்கார்ந்தே இருக்கும். அவ்வளவுதான் சுதந்திரம். நான் தக்ளியில் நூல் நூற்கும் பெண். "துரை கத்தினாலும் சரி, காலைத் தரையில உதைச்சாலும் சரி, ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது" என்று ஆசிரியர் ஒத்திகையில் எங்களை உருட்டி எடுத்துவிட்டார்.

துரையை எதிர்க்கிற ஊர்க்காரராக நடிக்க பிளாக்கில் அடிதடி. கதர் ஜிப்பாவுக்கு முதலில் பெயர் கொடுத்தவர்கள் எல்லாம் பர்மனென்ட் ஆட்கள். துரையாக நடிக்கத்தான் ஆள் இல்லை. மாமா நல்ல சிவப்பு. பிடித்துப் போட்டுவிட்டார்கள்.

நாடகத்தன்று அப்பா அவரைத் தனியாகக் கூப்பிட்டார். "மச்சான், சாரு முன்னாடியே உக்காந்துகினு இருப்பாரு. எழுதிக் குடுத்தத மட்டும் பேசு. உன் விஷயம் அவரு கையிலதான் இருக்குது."

"சரிங்க மாமா" என்றார் மாமா. மாமா அவ்வளவு அடக்கமாகச் 'சரிங்க' சொன்னால் ஏதோ செய்யப் போகிறார் என்று அம்மாவுக்குத் தெரியும்.

கடைசிக் காட்சி வந்தது. துரை மேடையின் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். வரவில்லை. நாங்கள் நூற்றுக்கொண்டே இருந்தோம். திரைக்குப் பின்னால் ஆசிரியர் கையைப் பிசைந்தார். அப்போது கூடத்தின் பின்வாசலில் இரண்டு செருமல் கேட்டது. தொடர்ந்து சாவிக்கொத்து.

மாமா எதிர்பார்த்தது சிரிப்பைத்தான். ஆனால் முதல் ஷிப்ட் முடித்து வந்து அரைத் தூக்கத்தில் இருந்த பின்வரிசை ஆட்கள் விருட்டென்று எழுந்து நின்றார்கள். அவர்களைப் பார்த்து அடுத்த வரிசை எழுந்தது. மடித்துக் கட்டிய லுங்கியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு ஒருவர் எழுந்தார். "என்னாத்துக்கு எழுந்துக்கிறீங்க?" என்று அவர் மனைவி கேட்டது மேடைவரை கேட்டது. அப்பாவும் நின்றார், தின்றுகொண்டிருந்த முறுக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு. மேடையில் ஊரே உட்கார்ந்திருக்க, கீழே ஊரே நின்றது. முகமெல்லாம் பவுடரும் தலையில் அட்டைத் தொப்பியுமாக மாமா நடுவழியில் அப்படியே நின்றுவிட்டார். முன்வரிசை சோபாவிலிருந்து ஆபீசர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் மாமாவுக்கு இவ்வளவு மரியாதையா!

முதலில் கைதட்டியவர் ஆபீசர்தான். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குக் கையிருப்பது நினைவு வந்தது. முடிந்ததும் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "என்னைவிட நீ நல்லா செருமுறய்யா" என்றார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறுநாளே ஷெட்டுக்கு வந்து, இனிமேல் தான் வந்தால் யாரும் எழுந்திருக்க வேண்டாம், சாப்பிடுகிறவர்கள் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதையும் எல்லோரும் எழுந்து நின்றுதான் கேட்டார்களாம்.

சில நாள் கழித்து ஒருநாள் அப்பா வேலை முடிந்து வரும்போதே முகம் மலர்ந்திருந்தது. "இன்னிக்கு சாரு வந்தாரு. ஒருத்தரும் எழுந்துக்கல. நானும்தான். உக்காந்து சாப்டுகினே இருந்தேன்" என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு குரல் இறங்கியது. "மச்சான் மட்டும் எழுந்து நின்னுகினு இருந்தான்."

மாமா பின்பக்கக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஓடிப்போய், "நீங்கதானே துரை? நீங்க ஏன் எழுந்தீங்க?" என்று கேட்டேன்.

"அவங்கல்லாம் பர்மனென்ட்டு, பாப்பா. உக்காந்துகினா ஒண்ணும் இல்ல" என்றார் மாமா. "நானும் பர்மனென்ட் ஆயிட்டு உக்காந்துக்கறேன்."

அம்மா உள்ளே போய்விட்டாள். அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். மாமா பர்மனென்ட் ஆக அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் பிடித்தது. அந்தப் பெண்ணின் அப்பா அதுவரை காத்திருக்கவில்லை. அன்று இதெல்லாம் எனக்கு எட்டவில்லை. பர்மனென்ட் ஆகிறவர்களுக்கு ஆளுக்கொரு நாற்காலி கொடுப்பார்கள், மாமாவுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்றுதான் புரிந்துகொண்டேன். அதுவரை பாவம், கால் வலிக்குமே.

மறுநாள் காலை எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிப்போய் அவர் சைக்கிள் கேரியரில் கயிறு போட்டுக் கட்டினேன். மாமா வந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். அதை அவிழ்க்காமலே ஏறி மிதித்துக்கொண்டு வேலைக்குப் போனார்.