மூத்திர வார்டுக்கு ஒரு தமிழ்க்காரி

எத்தனையோ துறை இருக்க, சிறுநீரகத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் அறிவியல் ஆர்வம், மனிதகுலச் சேவை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைப்பேன். பாவம், எழுதிக்கொள்வார்கள். உண்மை என்னவென்றால், எனக்குத் தமிழ் தெரியும் என்ற ஒரே தகுதிக்காக அந்த வார்டில் என்னைக் கொண்டுபோய்த் தள்ளினார்கள்.

எண்பதுகளின் தொடக்கம். மட்டாஞ்சேரியில் மிளகு வியாபாரம் செய்யும் ராவுத்தர் வீட்டுப் பெண் நான். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். தினமும் காலையில் படகேறி எர்ணாகுளம் போய், அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பொது மருத்துவத்தில் மேற்படிப்பு. அதற்கு மேலே என்ன படிப்பது என்பதில் எங்கள் கூட்டத்தில் யாருக்கும் குழப்பமே கிடையாது. இதயம்தான். இதய டாக்டர் வந்தால் ஆள் ஓடிவந்து கார் கதவைத் திறப்பான். கல்யாணப் பேச்சில் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். சிறுநீரகம் என்று ஒரு துறை இருப்பதாக வீட்டில் பேச்செடுத்தபோது, "மூத்திர டாக்டரா?" என்று அத்தா கேட்டுவிட்டு அன்றைக்கு மீதிச் சோற்றைச் சாப்பிடவில்லை.

எங்கள் புரொபசரும் தம் பங்குக்கு உதவினார். யாராவது தாமதமாக வந்தால், எதிர்த்துப் பேசினால், சிறுநீரக வார்டுக்கு அனுப்பிவிடுவார். தண்டனையாக அனுப்பிவிட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தத் துறையில் ஆர்வமே இல்லையே என்று மேடையில் ஏறி வருத்தமும் படுவார். மகானுபாவர்.

தண்டனைதான், சந்தேகமில்லை. அங்கே இயந்திரம் ஏதும் கிடையாது. வயிற்றில் துளை போட்டுக் குழாயைச் செருகி, குப்பி குப்பியாக மருந்துத் தண்ணீரை உள்ளே விட வேண்டும். அது உடம்பிலுள்ள விஷத்தை இழுத்துக்கொண்டதும் வெளியே வடிக்க வேண்டும். மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. பகல் முழுக்க ஒரு டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும். தெருக்குழாயில் குடம் நிறையக் காத்திருக்கும் வேலையைச் செய்வதற்கு அவ்வளவு படிப்பு.

அந்த மழைக்காலத்தில் தேனிப் பக்கத்து ஆள் ஒருவர் வந்து சேர்ந்தார். மட்டாஞ்சேரியில் இஞ்சிக் கிடங்கில் மூட்டை தூக்குபவர். தெருவில் தேங்கிய தண்ணீரில் நடந்து நடந்து எலிக்காய்ச்சல் வாங்கியிருந்தார். கண்ணெல்லாம் மஞ்சள். மூத்திரம் அடியோடு நின்றுவிட்டது. இந்த நோயில் ஒரு நல்ல விஷயம் உண்டு. சிறுநீரகம் செத்துப்போவதில்லை, நம்மூர் வழக்கப்படி வேலைநிறுத்தம் மட்டும்தான் செய்கிறது. அது திரும்ப வேலைக்கு வரும்வரை ஆளை உயிரோடு வைத்திருந்தால் பிழைத்துவிடுவார். முடியாவிட்டால், கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத, மலையாளம் புரியாத அவருடைய மனைவி தனியாக ஊர் திரும்ப வேண்டியதுதான்.

அவரைச் சேர்த்துக்கொண்டவன் என்னோடு படித்தவன். இதயத்துக்கென்றே அவதரித்தவன். குளிக்கும்போதாவது ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றுவானா என்பது சந்தேகம். தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று அந்தப் பெண்ணிடம் சைகையில் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான். சொன்னது சரிதான், மூத்திரம் போகாதவருக்குக் குடிக்கும் தண்ணீரெல்லாம் நெஞ்சில் போய்த் தேங்கும். மற்றதை விளக்க அவனிடம் பாஷை இல்லை, பொறுமை அதைவிட இல்லை. மறுநாள் புரொபசர் என்னைப் பார்த்து, நீ தமிழ்க்காரிதானே, போ என்றார். நான் தாமதமாகக்கூட வரவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த மனிதருக்கு நாடி ஓய்ந்துகொண்டிருந்தது. என் நண்பன் ஈசிஜி காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பரவசமாக நின்றான். அபூர்வமான இதயக் கோளாறாம், பெரிய இதய டாக்டரைக் கூப்பிட வேண்டுமாம். நான் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். வெட்டிய இளநீர்க் கூடுகள், எங்கள் பக்கத்தில் கரிக்கு என்பார்கள், குவிந்து கிடந்தன. எங்கள் ஊரில் நோயாளியைப் பார்க்கப் போகிறவன் கையை வீசிக்கொண்டு போகமாட்டான், இளநீர் சீவிக்கொண்டுதான் போவான். கிடங்குத் தோழர்கள் எல்லாரும் வந்து பார்த்திருக்கிறார்கள். இளநீரில் பொட்டாசியம் என்று ஓர் உப்பு இருக்கிறது. சிறுநீரகம் வேலை செய்தால் அது வெளியே போய்விடும். செய்யாவிட்டால் உடம்பிலேயே நின்று இதயத்தை நிறுத்திவிடும். அன்பினால் ஆளைக் கொல்வதற்கு இதைவிட வசதியான பானம் கிடையாது.

கால்சியம் ஊசியைப் போட்டேன். நாடி மெல்லத் திரும்பியது. வயிற்றில் குழாயைச் செருகி முதல் குப்பியைத் தொங்கவிட்ட பிறகு, அந்தப் பெண்ணிடம் என்னவெல்லாம் கொடுத்தாய் என்று கேட்டேன்.

"தண்ணி ஒரு சொட்டு குடுக்கலம்மா. கெஞ்சுனாரு. அப்பவும் ஒதட்டக்கூட நனைக்கல. எளநி மட்டுந்தான் குடுத்தேன்." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "அதனாலயாம்மா இப்படி ஆச்சு?"

நாக்கு நுனிவரை வந்துவிட்ட வசவை விழுங்கினேன். மட்டாஞ்சேரிக்காரிக்கு அது லேசான காரியமில்லை. நோய் அப்படித்தான் படுத்தும், இனிமேல் இளநீர் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை. சைகை காட்டிவிட்டுப் போனவன்மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை. அவன் இப்போது பெரிய இதய டாக்டர், நன்றாகவே இருக்கிறான்.

அதன்பிறகு நாள் முழுக்கக் குப்பி மாற்றுவதும், தோழர்களை வாசலில் மறிப்பதுமே என் பிழைப்பு. "கரிக்கு தணுப்பல்லே, டாக்டரே?" என்று ஒரு சேட்டன் வாதாடினார். அவ்வளவு குளிர்ச்சி என்றால் இதய வார்டு டாக்டர்களுக்குக் கொடுங்கள், ரொம்பச் சூட்டில் இருக்கிறார்கள் என்று அனுப்பிவைத்தேன்.

ஒரு காலை, புரொபசர் பரிவாரத்தோடு வார்டைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் ஒரு குப்பியைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் ஓடிவந்தாள். உள்ளே மூத்திரம், கால் குப்பிக்கு மேல். இதயத்துக்காரன் மூக்கைப் பொத்தினான். நான் இரண்டு கையாலும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடுத்தடுத்த நாட்களில் குடம் குடமாய்ப் போயிற்று. மூத்திரத்துக்காக இப்படிச் சந்தோஷப்பட்ட ஜனங்களை நான் அதுவரை கண்டதில்லை, அதில் நானும் ஒருத்தி.

இனி வேண்டிய அளவு தண்ணீர் குடிக்கலாம் என்று புரொபசர் சொன்னார். நான்தான் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். அந்த மனிதர் அதைக் கையில் வாங்கினார், குடிக்கவில்லை. மனைவி பக்கம் நீட்டினார்.

"முதல்ல நீ குடி. எனக்குத் தண்ணி இல்லேன்னதுலேர்ந்து எம் முன்னால நீ ஒரு வாய் குடிச்சு நான் பாக்கல."

அவள் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, டம்ளர் காலியாகும்வரை குடித்தாள். புரொபசர் என் பக்கம் திரும்பி, நல்ல மூடில் இருந்தார் போல, அப்புறம் உனக்கும் இதயம்தானே என்று கேட்டார். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.