மாப்ள என்ற போர்வீரன்

அசோக் நகரில் நான்கு தெரு சேர்ந்தாற்போல் கேமிங் சென்டர் என்றால் இன்னதென்று தெரியாத காலத்தில் அதை வைத்தவன் நான். எட்டாம் வகுப்போடு நின்றவன் வைத்தது. ஆழ்வார்பேட்டையில் மொபைல் சர்வீஸ் கடை, தி.நகரில் இன்னொன்று, அதுவும் எனக்கு வாடகைக்கு விடமாட்டேன் என்று சொன்னவரின் கட்டடத்திலேயே. பெருங்குடியில் தண்ணீர் நிற்கும் இடம், வாங்காதே என்று ஊரே பயமுறுத்திய மனையில் வீடு கட்டினேன். தெருவெல்லாம் மிதந்த மழையில் என் வாசற்படி நனையவில்லை. எனக்கு நாற்பதுதான் நெருங்குகிறது, ஆனால் கடையில் எல்லோரும் 'பெரியவர்' என்கிறார்கள். முடி முந்திக்கொண்டு போய்விட்டது, அதனால் நானும் மறுப்பதில்லை.

இவ்வளவையும் கட்டியவனின் பெயர், எங்கள் பங்குக் கோவில் அச்சடித்திருக்கும் விழா மலரில் ஓரிடத்தில்கூட இல்லை. நன்கொடையாளர் பக்கத்தைச் சொல்லவில்லை, அதில் இருக்கிறது, பெரிதாகவே இருக்கிறது. நான் சொல்வது பாஸ்கா நாடகம் பற்றிய பக்கத்தை. பெரிய வெள்ளியன்று கோவில் மைதானத்தில் இயேசுவின் பாடுகளை நடிப்பார்களே, அது. அப்படி ஒரு நாடகம் பங்கில் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை என்று அதில் ஒரு வருடத்தைக் குறிப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். அந்த வருடம் நடந்தது எப்படி என்பது எனக்குத் தெரியும்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. மயிலாப்பூரில் கடற்கரைப் பக்கம் வீடு. வீடு அப்பாவுடையது, அதை அவர் யாரையும் மறக்க விடமாட்டார். முன்னறையில் அத்தையும் அவள் கணவரான மாமாவும் இருந்தார்கள். அத்தை பள்ளிக்கூட டீச்சர். மாமா வேலை பார்த்த அச்சகம் மூடியதிலிருந்து அவருக்கு வேலையில்லை. நன்றாக இங்கிலீஷ் படிப்பார், யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார், சாப்பாட்டில் இரண்டாம் முறை சோறு கேட்க மாட்டார். அப்பா அவரை 'மாப்ள' என்று கூப்பிடுவார். அந்தச் சொல்லை மரியாதைக்குச் சொல்லும் வீடுகளும் இருக்கின்றன என்பதை நான் பிற்பாடுதான் அறிந்தேன்.

அந்த நாளில் மந்தைவெளியில் ஒரு பாய் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். அங்கே இன்டர்நெட்டில் ஆடும் ஒரு ஆட்டம் என்னைப் பிடித்துக்கொண்டது. டிராகன், கோட்டை, காடு, உலகம் முழுக்க ஆட்கள். உள்ளே நுழையும்போதே நீ யார் என்று சொல்லிவிட வேண்டும்: போர்வீரனா, வில்லாளியா, மந்திரக்காரனா, வைத்தியனா. அதற்குக் கிளாஸ் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் எந்தக் கிளாஸிலும் தேறாத நான் இதில் வைத்தியனாக நின்று செத்தவனையெல்லாம் எழுப்பினேன். ஒவ்வொரு கிளாஸுக்கும் அதற்கென்றே ஒரு குவெஸ்ட் உண்டு. மற்றக் கிளாஸ்காரன் எவனும் உதவிக்கு வர முடியாது. உன் கிளாஸின் சோதனையை நீயே முடிக்க வேண்டும். முடித்தால்தான் அடுத்த பதவி. வைத்தியனுக்கான குவெஸ்டில் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருந்ததை எனக்குப் படித்துச் சொன்னது மாமாதான். ஒருநாள் என்னோடு வந்து பின்னால் நின்று படித்தார். நன்றாயிருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தவக்காலம் வந்தது. அத்தை எங்களை வரிசையாக உட்காரவைத்து, ஈஸ்டர் வரை எதை விடப்போகிறோம் என்று கேட்டாள். நான் ஆட்டத்தை விடுகிறேன் என்று சொல்லித் தொலைத்தேன். அத்தை மாமாவைப் பார்த்தாள். அவர் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"மாப்ளைக்கு வுட்றதுக்கு இன்னா கீது? சோத்த வுட்டாத்தான் உண்டு."

எல்லோரும் சிரித்தோம். மாமாவும் சிரித்தார். ஆனால் மறுநாளிலிருந்து தினமும் மத்தியானம் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வெளியே போய்விட்டு மாலையில் வருவார். கோவிலில் சிலுவைப்பாதை செய்கிறார் என்று அத்தை பக்கத்து வீட்டாரிடமெல்லாம் பெருமையாகச் சொன்னாள். அப்பாவே கொஞ்சம் அசந்துபோனார்.

பாஸ்காவில் அப்பாதான் பல வருடமாக இயேசு. மற்ற நாளெல்லாம் வீட்டில் யாரையாவது அதட்டிக்கொண்டிருப்பவர், அன்று ஒட்டுத்தாடி வைத்து, அங்கி போட்டு, ஊரின் பாவத்தையெல்லாம் சுமப்பார். மாமாவுக்கு ரோமானியப் படையின் நூற்றுவர் தலைவர் வேடம். ஜிகினாத் தாள் ஒட்டிய மார்க்கவசம், சிவப்புச் சாயம் தோய்த்த துடைப்பத்தைத் தலைக்குடுமியாகக் கட்டிய கிரீடம். இயேசுவைச் சாட்டையால் அடிப்பதும் அவர்தான். பஞ்சுக் கயிற்றில் திரித்த சாட்டை, சிவப்புத் தண்ணீரில் நனைத்தது. வருடா வருடம் அவர் அடிப்பதைப் பார்த்தால் தூசி தட்டுவது போலிருக்கும். ஓங்கி அடிக்கச் சொல்லி ஃபாதர் கெஞ்சுவார். மாமாவுக்குக் கை எழாது.

அந்தப் பெரிய வெள்ளியன்று மேக்கப்காரர் மத்தியானமே எல்லோருக்கும் வேடம் போட்டுவிட்டுப் போய்விட்டார். மூன்று மணி வழிபாடு முடிந்து ஆட்களை எண்ணிப் பார்த்தால் நூற்றுவர் தலைவரைக் காணோம். அப்பா இயேசு வேடத்தில் மைதானத்தின் நடுவே நின்று, அந்தத் தண்டச்சோறு எங்கே போய்த் தொலைந்தது என்று கத்தியதை நான் இந்தக் காதால் கேட்டேன். பிலாத்து வேடம் போட்டவர் அவரை அடக்கினார். மாமாவைத் தேடிவர என்னை அனுப்பினார்கள்.

கடற்கரையில் பார்த்தேன், டீக்கடையில் பார்த்தேன், இல்லை. மந்தைவெளி வந்ததும் பழக்கத்தில் என் கால் சென்டர் பக்கம் திரும்பியது. பாய் ஜும்மாத் தொழுகை முடிந்து வந்து ஷட்டரைத் தூக்கியிருந்தார். எட்டித்தான் பார்த்தேன். ஆடமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தேன், எட்டிப் பார்க்கமாட்டேன் என்று சொல்லவில்லை.

கடைசி கேபினில் ஒரு ரோமானியச் சிப்பாய் உட்கார்ந்திருந்தார்.

கவசம் ஃபேன் காற்றில் சலசலத்தது. துடைப்பக் கிரீடம் மானிட்டர்மேல் இருந்தது. பேயைப் பார்த்திருந்தால்கூட ஓடியிருப்பேன், இது ஓடவும் விடவில்லை. கடையின் பாய் என் தோளில் கை வைத்தார்.

"இன்னா நைனா அப்படி நிக்கற? உன் மாமா டெய்லி வராரு. கடைசி வரைக்கும் நல்லா வெளாடுவாரு. கடைசியில எஸ் அமுக்கி எல்லாத்தையும் கெடுத்துட்டு, சிரிச்சிக்கினே போவாரு."

தினமும். அப்படியென்றால் சிலுவைப்பாதை? அத்தையின் பெருமை? இரண்டாவது அடி அது.

திரையைப் பார்த்தேன். மாமா போர்வீரன். பெயர் இங்கிலீஷ் எழுத்தில் 'மாப்ள' என்று போட்டிருந்தது. போர்வீரன் கிளாஸின் குவெஸ்ட் எனக்குத் தெரியாது. பார்த்ததும் இதுவா என்று ஆகிவிட்டது. கோட்டை வாசலில் வாளை உறையில் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அடிப்பார்கள். ஒவ்வொருவர் அடித்து முடித்ததும் ஒரு கட்டம் வரும்: திருப்பி அடிக்கிறாயா? எஸ், நோ. கடைசி ஆள் வரை நோ சொல்பவனே வீரன். ஒருமுறை எஸ் அமுக்கினால் அன்றைக்குத் தோல்வி, மறுநாள்தான் மறுபடி. இதெல்லாம் மாமா படித்துச் சொன்னது. அந்தக் குவெஸ்டை அன்றோடு மூடுகிறார்கள் என்றும் சொன்னார். தவக்காலம் முழுவதும் தினமும் வந்து கடைசியில் தோற்றிருக்கிறார்.

அப்பா தேடுகிறார் என்றேன். மாமா அசையவில்லை. தண்டச்சோறு எங்கே என்று மைதானத்தில் எல்லார் முன்னாலும் கேட்கிறார் என்றேன். அப்போதுதான் திரும்பினார். கண் மை கரைந்து கன்னத்தில் இறங்கியிருந்தது. வியர்வை என்று நினைத்தேன்.

எழுந்து, என்னை நாற்காலியில் உட்காரவைத்தார்.

"எல்லாத்துக்கும் நோ அமுக்கு. எவன் வந்து அடிச்சாலும், இன்னா கேட்டாலும் நோ."

"மாமா, நான் வெளாட மாட்டேன்னு சாமிக்குச் சொல்லிக்கீறேன்."

"நோ அமுக்கறது வெளாட்டு இல்லடா."

கிரீடத்தை மாட்டினார். வாசல்வரை போனவர் ஏதோ மறந்ததுபோல் நின்று திரையைப் பார்த்தார். திரும்பி வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்தார், விட்டார். அப்புறம் ஓடினார். மந்தைவெளித் தெருவில் ஒரு ரோமானியன் ஓடுவதற்கு மாநகரப் பேருந்து ஒன்று நின்று வழிவிட்டது.

நான் உட்கார்ந்தேன். இந்த இடத்தை மலர்க்காரர்கள் கவனிக்க வேண்டும். பிள்ளைகள் வந்து கல்லெறிந்தார்கள்: நோ. சந்தைப் பெண்கள் அழுகிய பழத்தை வீசினார்கள்: நோ. சிப்பாய்கள் உதைத்தார்கள். வைத்தியனாகவே ஆடிப் பழகிய எனக்கு, ஒருவன் உயிர் கண்ணெதிரே குறைவதைப் பார்த்துக்கொண்டு மருந்து கொடுக்க முடியாமல் உட்காருவது எப்படி இருந்திருக்கும்? கை அரித்தது. பக்கத்துக் கேபின் ஆட்கள் எழுந்து வந்து பின்னால் கூடினார்கள். அடிடா, ஒரு போடு போடுடா என்றான் ஒருவன். நோ.

கடைசியாக ஒரு கிழவர் வந்தார். கோட்டைக்குச் சொந்தக்காரர். அவர் கையில் கல்லும் இல்லை, கம்பும் இல்லை. நீளமாக ஏதோ ஒரு வரி இங்கிலீஷில் சொன்னார். எனக்கு அதில் படிக்க வந்த ஒரே சொல் பிரெட். இந்த நேரத்தில் ரொட்டியைப் பற்றி என்ன பேச்சு என்று நினைத்தேன். சொல்லிவிட்டு அறைந்தார். 'மாப்ள'வின் உயிர்க்கோடு மயிரிழையாக நின்றது. திருப்பி அடிக்கிறாயா?

இதில் தினமும் தோற்பதற்கு என்ன இருக்கிறது, மாமாவுக்கு விரல் தவறுகிறது போலும் என்று எண்ணிக்கொண்டே நோ அமுக்கினேன்.

மணி அடித்தது. பெரிய வெள்ளியன்று கோவிலில் மணி அடிக்க மாட்டார்கள். அந்த நாளில் நான் கேட்ட ஒரே மணி கம்ப்யூட்டருக்குள் அடித்ததுதான். போர்வீரனின் தோளில் தங்கக்கரைப் போர்வை விழுந்தது. எந்தெந்த நாட்டிலிருந்தோ ஆடிக்கொண்டிருந்த அத்தனை பேர் திரையிலும், மாப்ள மாவீரன் ஆனார் என்ற செய்தி ஓடியது. பாய் எல்லோருக்கும் டீ சொன்னார். தவக்காலத்தில் ஆட்டத்தைத் தொடாமலே ஆட்டத்தை முடித்தவன் இந்த மெட்ராஸில் என்னைத் தவிர இருந்தால் காட்டட்டும்.

மாமாவிடம் சொல்லலாமென்று மைதானத்துக்கு ஓடினேன். அப்பாவைத் தூணில் கட்டியிருந்தார்கள். மாமா சாட்டையை எடுத்தார். கூட்டத்தில் சில பேர் எப்போதும்போல் சிரிக்கத் தயாரானார்கள்.

முதல் அடி விழுந்ததும் புறாக்கள் எழுந்தன.

பஞ்சுக் கயிறு அப்படிச் சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது. அப்பா "ஐயோ" என்றார். அது வசனத்தில் இல்லை. இரண்டாவது அடிக்கு அவர் திரும்பி மாமாவைப் பார்த்தார். மாமாவும் அவரைப் பார்த்தார். மாமா முகத்தில் கோபமே இல்லை, அதுதான் என்னை உறையவைத்தது. மூன்றாவது விழுந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். யாரோ முழந்தாளிட்டார்கள், பார்த்துவிட்டு மைதானமே முழந்தாளிட்டது. ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அத்தை மட்டும் நின்றுகொண்டே இருந்தாள்.

நாடகம் முடிந்ததும் ஊரே அப்பாவின் காலைத் தொட வந்தது. இப்படி ஒரு நடிப்பைப் பார்த்ததே இல்லை என்று ஃபாதர் மைக்கில் சொன்னார். அப்பா வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அப்புறம் மெதுவாக, எல்லாம் ஆண்டவன் செயல் என்றார். வீட்டில் அம்மா முதுகுக்கு எண்ணெய் தடவியபோதும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் நடிப்பு என்னாவது?

மாமா மைதானத்தின் ஓரத்தில் மணலில் உட்கார்ந்து கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டேன், தங்கக்கரைப் போர்வை வந்துவிட்டது என்றேன். அவர் சந்தோஷப்படவில்லை, திடுக்கிட்டார்.

"கடைசி ஆளுக்குமா நோ அமுக்கின?"

நீங்கதான சொன்னீங்க என்றேன். மாமா என்னைப் பார்த்தார். பிறகு அப்பா கூட்டத்துக்கு நடுவே நிற்பதைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஜெயித்ததற்குத்தான் சிரிக்கிறார் என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

அதற்குப் பிறகு அவர் பாய் சென்டர் பக்கம் போகவில்லை. மழைக்காலம் வருவதற்குள் ஆழ்வார்பேட்டையில் ஒரு வேலை பிடித்து, அத்தையைக் கூட்டிக்கொண்டு வாடகை வீட்டுக்குப் போய்விட்டார். அவர் போகும்வரை சோற்றைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. இவ்வளவும் அந்தப் போர்வையின் மகிமை என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் அந்தப் பழைய ஆட்டத்தை யாரோ மறுபடி கிளப்பிவிட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு என் அசோக் நகர் சென்டரில் ஏற்றினேன். போர்வீரனாகவே போனேன். கோட்டை வாசலில் அந்தக் கிழவர் வந்ததும், பக்கத்திலிருந்த என் மகளைப் படிக்கச் சொன்னேன். அவள் இங்கிலீஷ் மீடியம். படித்துத் தமிழில் சொன்னாள்: "என் ரொட்டியைத் தின்னுட்டு என் வாசல்ல நிக்கறவனே, உனக்கும் ஒரு வாளா?"

கட்டம் வந்து நின்றது. மகள் நோ அமுக்குங்கப்பா என்கிறாள். எனக்கு விரல் போகவில்லை. மாமாவுக்கு ஒருநாளும் விரல் தவறியதில்லை. தினமும் அவர் சொல்லிவந்த அந்த ஒரு எஸ்ஸை அன்று அவர் சொல்ல முடியாமல் செய்தவன் நான். அதை அவர் எங்கே கொண்டுபோய்ச் சொன்னார் என்று பங்கே பார்த்தது, என்னையும் சேர்த்து ஒருவருக்கும் விளங்கவில்லை.

மலரில் அந்தப் பக்கத்தில் ஒரு படம் போட்டிருக்கிறார்கள். அப்பாவின் வளைந்த முதுகு, மாமாவின் ஓங்கிய கை. கீழே இருவர் பெயரும் இருக்கின்றன. மிக நல்லது. அடுத்த முறை அச்சடிக்கும்போது அதற்குக் கீழே இன்னொரு வரி வேண்டும்: அதற்குச் சற்று முன் மந்தைவெளியில் நோ அமுக்கிக்கொண்டிருந்த கை இன்னாருடையது என்று. எழுத்து சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. என் பெயர் இருக்க வேண்டும்.