கேட்டு வச்ச வெள்ளிக்கிழமை

அன்னைக்கு அப்பா இருந்தாரு. அம்மா இருந்தாங்க. நான் இருந்தேன். அம்மாவோட தம்பி செல்வம் மாமா வெல்டிங் மிஷினோட வந்திருந்தாரு. இன்னைக்கு சிதம்பரத்துல ஒரு பட்டறையைத் தாண்டும்போது வெல்டிங் ராடு கருகுற வாசனை அடிச்சுது. எங்க மஞ்சக்குப்பம் வீட்டு வாசலுக்கு இரும்புக் கேட்டு வச்ச அந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்துச்சு.

நல்ல நாளுன்னு அம்மா வாசல் முழுக்கக் கழுவி விட்டிருந்தாங்க. மிஷினோட எர்த் கிளாம்பை மாட்டின மாமா, கால்ல ஈரம் பட்டதும் சுவிட்சை அணைச்சாரு.

"பத்தரைக்கு ராகு காலம் மச்சான், சீக்கிரம் வையி"ன்னாரு அப்பா.

"ஈரத்துல நின்னு ஷாக் அடிச்சா எனக்கு இப்பவே ராகு காலம் மாமா"ன்னாரு செல்வம் மாமா.

அம்மா சிரிச்சுக்கிட்டே சாக்கால தொடச்சாங்க. தரை காயுற வரைக்கும் மாமா டீ குடிச்சாரு. கடிகாரத்தையே பார்த்துக்கிட்டிருந்த அப்பாவும் கடைசில உக்காந்து ஒரு டீ வாங்கிக்கிட்டாரு. கேட்டு நின்னப்ப மணி பதினொண்ணே கால்.