மலைவெட்டில் சுண்ணாம்புப் பொட்டு

கோலா சிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி அவசரகாலத்தில் முள்கம்பி போட்டார்கள். ஒரு பிடி அரிசி வெளியே போனாலும், வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு என்று ஆளைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு பக்கம் மட்டும் கம்பி இல்லை. அங்கே ரோட்டுக்குக் கல் உடைத்த பழைய மலைவெட்டு செங்குத்தாக நின்றது, அடியில் ஆழமான தண்ணீர். பல்லிதான் போகும் என்று விட்டுவிட்டார்கள்.

பத்து வயதில் எனக்கு அந்தப் பல்லியாக ஆசை. மேலே ஏறுவதில்லை, பக்கவாட்டிலேயே ஒட்டிக்கொண்டு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போவது. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்கள் இரண்டின் நீளம் இருக்கும். அந்த முனைக்கு அப்பால் காடு. பொம்பளைப் பிள்ளையால் முடியாது என்று பெரியப்பா மகன் சிரித்திருந்தான்.

ஒரு ஞாயிறு மதியம் போனேன். பாதி வழியில் அடுத்த பிடி தெரியவில்லை. பாறையோடு ஒட்டிக்கொண்டு அழுதேன். அப்போதுதான் ஒரு வெடிப்பின் ஓரத்தில் சுண்ணாம்புப் பொட்டைப் பார்த்தேன். கைக்கெட்டும் தூரத்தில் இன்னொன்று. அவற்றைப் பிடித்தே கடைசிவரை போய், வந்த வழியே திரும்பினேன்.

பெரியப்பா மகன் நம்பவில்லை. கேட்டருகே எல்லார் முன்னாலும் என்னைப் புளுகி என்றான். அங்கே நின்ற, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மட்டும், எப்படிம்மா போனாய் என்று அன்பாகக் கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"கட்டவெரலால வச்ச பொட்டுங்க. ஆனா பாதி வெரலுதான் பதிஞ்சிருக்கு."

ஒரு பிஸ்கட் கொடுத்தார். அங்கேயே நின்று தின்றேன்.

மறுநாள் காலை பட்டாளத்தார் வந்து ஆண்களை வரிசையில் நிறுத்திக் கட்டைவிரலை மட்டும் பார்த்தார்கள். என் தாய்மாமா வெற்றிலை போடுகிறவர். ரப்பர் ஷீட் உருட்டும் மிஷினில் பாதிக் கட்டைவிரலை இழந்தவர். அந்தக் கை என் தலையைத் தடவாத நாளில்லை. அப்படியும் எனக்கு அது தோன்றவில்லை என்றால் யார் நம்புவார்கள்? எனக்கே வெட்கமாக இருக்கிறது.

லோரியில் ஏற்றும்போது மாமா என்னைப் பார்த்தார்.

"வழுக்காம போனியா பாப்பா?"

"ஒரு தடவகூட வழுக்கல மாமா."

மாமா தலையசைத்தார். மெச்சுகிறார் என்றே நினைத்தேன். கேட்டாயா என்பதுபோலப் பெரியப்பா மகனை நிமிர்ந்து பார்த்தேன். பக்கத்தில் நின்ற அம்மா என் கையை விட்டுவிட்டு ஏன் தனியாக லயத்துக்கு நடந்தாள் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.